கடற்காற்றில் ஒரு சைலன்சர்: சிலாபத்தில் பழைய காரின் புகைக்குழாயை மாற்றிய கதை

அம்மாவுக்குத் தலைவலி தொடங்கியது ஆராச்சிக்கட்டுவையைத் தாண்டும்போது. உடப்பில் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றுக்குப் போய்விட்டுச் சிலாபத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒக்டோபர் மாத மழை. கண்ணாடிகள் நான்கும் மூடியிருந்தன, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பங்கதெனியவில் வயிற்றைப் பிரட்டுகிறது என்றார். மதியம் சாப்பிட்ட நண்டுதான் காரணம் என்று முடிவுகட்டினோம். தெதுரு ஓயாப் பாலத்துக்கு முன்னால் காரை ஓரங்கட்டி அவரை இறக்கினோம். பத்து நிமிடம் மழைக்காற்றில் நின்றதும் தெளிந்துவிட்டார். மறுபடி ஏறினோம். வீடு வந்து சேர்வதற்குள் எனக்கும் நெற்றி வலித்தது. நான் நண்டு சாப்பிடவில்லை.

மறுநாள் காலை புத்தளம் வீதியில் ஒரு கராஜில் காரை ஹொயிஸ்டில் தூக்கிப் பார்த்தோம். நடுக்குழாயின் மேற்பக்கத்தில், காரின் தரைத்தகட்டைப் பார்த்தபடி, இரண்டு விரல் நுழையுமளவு ஓட்டை இருந்தது. நிலத்தில் குனிந்து பார்த்தால் தெரியாத இடம். அதற்கு நேர் மேலே தரைத்தகட்டில் இருக்கவேண்டிய இறப்பர் மூடி ஒன்றைக் காணவில்லை. பாஸ் இன்னும் முன்னால் போய், கட்டலிட்டிக் கொன்வேர்ட்டரைச் சுத்தியல் பிடியால் தட்டினார். வெற்றுத் தகரத்தின் சத்தம் வந்தது.

“தம்பி, இதுக்குள்ள ஒன்றும் இல்லை. எப்பவோ எடுத்திட்டாங்கள்.”

சைலன்சர் மாற்றுவது பற்றி இணையத்தில் தேடினால் கிடைப்பதில் பெரும்பாலானவை சத்தத்தையும் குதிரைவலுவையும் பற்றியவை. கடலோர ஊரில் இருபது வயதுக் காரை வைத்திருப்பவருக்கு அதில் பயன் குறைவு. அடுத்த மூன்று வாரங்களில் கராஜ்களிலும், கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளிலும் நான் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களைப் போலப் பழைய காரை ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவலாம்.

ஓட்டை வழியாக வந்தது

எங்களுடையது டொயோட்டா கொரோலா. இலங்கையில் ‘121’ என்று சொன்னால் போதும், எந்த மொடல் என்று எல்லோருக்கும் தெரியும். 2000க்கும் 2006க்கும் இடையில் ஜப்பானில் தயாரான 1,500 சிசி கார். அதை நாங்கள் வாங்கியது 2021இல். வெளிநாட்டுச் செலாவணியைச் சேமிப்பதற்காக 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் பெரும் வரிகளோடு. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய கார் ஒவ்வொன்றும் புதுக்காரின் விலைக்குப் போனது. கைவிட்டிருக்கவேண்டிய பாகங்களையெல்லாம் ஒட்டுப்போட்டு ஓட்டினோம்.

அதே 2021இல்தான் உலகச் சந்தையில் ரோடியம் என்ற உலோகத்தின் விலை ஒரு அவுன்ஸ் 29,000 டொலரைத் தொட்டது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. கட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி ஒன்று உண்டு. அதன் மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய மூன்றும் மெல்லிய பூச்சாக இருக்கும். பல நாடுகளில் கார்களுக்கு அடியில் புகுந்து அதை அறுத்துத் திருடினார்கள். இங்கே திருடத் தேவையில்லை. ‘அடைத்துக்கொண்டது, எடுத்துவிட்டால் பெற்றோல் மிச்சம்’ என்று சொன்னால் உரிமையாளரே கொடுத்துவிடுவார். எங்கள் காருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருக்கவேண்டும். உறை அப்படியே இருந்தது, உள்ளே இருந்தது மட்டும் போய்விட்டது. கார் வாங்கும்போது பெயின்டையும் ரயரையும் பார்த்த நாங்கள் அதைத் தட்டிப் பார்க்கவில்லை.

பெற்றோல் எஞ்சினிலிருந்து வெளிவரும் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை. நாம் புகை மணம் என்று உணர்வது வேறு வாயுக்களை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், மயக்கம். வெளிக்காற்றுக்கு வந்தால் மெல்லத் தெளியும். காருக்குள் தலைவலி, இறங்கினால் சுகம் என்றால் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான். நல்ல கொன்வேர்ட்டர் சூடேறியபின் இந்த வாயுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எரித்து, கரியமில வாயுவாக மாற்றிவிடும். எங்கள் காரில் அது இல்லை. அதற்குப் பின்னால் ஓட்டை, ஓட்டைக்கு மேலே மூடியில்லாத துவாரம், மழைக்கு மூடிய கண்ணாடி, உள்காற்றையே சுற்றவிடும் ஏசி. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்ன விஷயம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனெனில் நம் பக்கத்தில் இது சாதாரணம். தென்னங்கன்றோ மீன்பெட்டியோ ஏற்றி, டிக்கி மூடாமல் கயிற்றால் கட்டி ஓட்டுவது. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், குழாயில் ஓட்டையே இல்லாவிட்டாலும் புகை திறந்த டிக்கி வழியாக உள்ளே இழுக்கப்படும். வேறு வழியில்லாமல் அப்படி ஓட்டினால் முன்கண்ணாடிகளை இறக்கி, ஏசியை வெளிக்காற்றுக்கு மாற்றிவிடுங்கள். புகைக்குழாயின் நுனி பம்பருக்கு உள்ளே நின்றுவிடாமல் சற்று வெளியே நீண்டிருக்கவேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

இரண்டு பக்கத்திலிருந்தும் துரு

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. இரும்பு யன்னல் கம்பிக்கு வருடாவருடம் பெயின்ட் அடிக்கும் ஊர் இது. புகைக்குழாய்க்கு வெளிப்பக்கத்தில் உப்புக்காற்று. அதோடு, மீன்சந்தைப் பக்கம் லொறிகளிலிருந்து ஒழுகும் ஐஸ்தண்ணீரின் மேல் காரை ஓட்டுகிறோம். அந்தத் தண்ணீரும் உப்பு, அது சூடான குழாயில் தெறித்து ஆவியாகும்போது உப்பு மட்டும் அங்கேயே தங்கிவிடும்.

உட்பக்கத் துருவைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உருவாகிறது. நீண்ட தூரம் ஓடினால் குழாய் சூடேறி அது நீராவியாகவே வெளியேறிவிடும். கொழும்புக்குப் போய்வரும் காருக்குப் பிரச்சினை குறைவு. சந்தை, பாடசாலை, கோயில் என்று ஊருக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடி நிற்கும் காரில் சைலன்சர் சூடேறுவதற்குள் எஞ்சின் நின்றுவிடும். அமிலம் கலந்த அந்தத் தண்ணீர் பின் சைலன்சரின் வயிற்றில் தேங்கும். அதனால்தான் பல சைலன்சர்களின் அடியில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவில் ஒரு சிறு துவாரத்தைத் தயாரிப்பாளரே வைத்திருக்கிறார். அதைத் துரு ஓட்டை என்று நினைத்து வெல்டிங் பண்ணி அடைத்துவிடும் கராஜ்கள் உண்டு. அடைக்கவிடாதீர்கள்.

எதை வாங்குவது

கொன்வேர்ட்டர், நடுக்குழாய், நடுச் சைலன்சர், பின் சைலன்சர் என்று தொடராக வரும் பாகங்களில் எங்களுக்கு எல்லாமே தேவைப்பட்டது. எனக்கு முன் இருந்த வழிகள் மூன்று. ஜப்பானிலிருந்து வரும் பழைய பாகம், நம் வழக்கில் ‘ரீகண்டிஷன்’. உள்ளூரில் குழாய் வளைத்துச் செய்வது. அல்லது கடையில் மினுங்கும் பெரிய வாய் வைத்த ஸ்போர்ட்ஸ் சைலன்சர்.

மூன்றாவதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எச்.கே.எஸ்., ஃபுஜிட்சுபோ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் உண்மையாகவே நல்ல சைலன்சர்களைச் செய்கின்றன. அவை கட்டுப்பாட்டுக்குள் செய்யப்படுபவை. முன்பக்க எஞ்சின் கொண்ட சாதாரண காருக்கு ஜப்பானில் அனுமதிக்கப்பட்டது, குழாய் வாயிலிருந்து அரை மீற்றர் தூரத்தில் அளக்கும்போது 96 டெசிபெல். 2010 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களுக்கான மாற்றுச் சைலன்சர்கள், வேகம் எடுக்கும்போது எழும் சத்தத்திலும் சித்தியடையவேண்டும். இங்கே கடைகளில் தொங்குவதில் பல, அந்தப் பெயர்களின் ஸ்டிக்கர் ஒட்டிய வெறும் உருளைகள். உள்ளே துளையிட்ட குழாய், அதைச் சுற்றிக் கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சு. ஈரமும் வெப்பமும் அந்தப் பஞ்சைச் சில வருடங்களில் தூளாக்கிவிடும், பிறகு சத்தம் கூடிக்கொண்டே போகும். வலு கூடுமா என்று கேட்டால், 110 குதிரைவலுவுக்குக் கிட்டிய ஒரு 1,500 சிசி எஞ்சினில் பின் சைலன்சரை மட்டும் மாற்றுவதால் கிடைப்பது கால் உணருமளவுக்கு வராது. பெரிய குழாய் போட்டால் இழுவை கூடும் என்பதும் பாதி உண்மைதான். குழாய் அகலமானால் புகையின் வேகம் குறையும், குறைந்த சுழற்சியில் இழுவை குறையவும் கூடும். எங்கள் காருக்கு ஒன்றே முக்கால் இஞ்சிக் குழாய் போதும். இரண்டு இஞ்சிக்கு மேல் போகச் சொன்னவர்களிடம் காரணம் கேட்டேன். சத்தம் ‘கெத்தாக’ இருக்கும் என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

ரீகண்டிஷன் பாகம் வாங்க நினைப்பவர்களுக்கு: அளவு அச்சாகப் பொருந்தும், சத்தம் பழையபடி அமைதியாக இருக்கும், போல்ட் கழற்றிப் பூட்டினால் வேலை முடிந்தது. ஆனால் ஜப்பானின் வடபகுதிகளில் குளிர்காலத்தில் பனி உருக வீதியில் உப்புத் தூவுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அங்கிருந்து வந்த காரின் சைலன்சர் நம் ஊருக்கு வருமுன்பே சிலாபத்தைப் பார்த்தது போலத்தான். மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். தையல் ஓரங்களையும், குழாய் உருளைக்குள் நுழையும் கழுத்தையும் ஸ்குரூட்ரைவரால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் விட்டுவிடுங்கள். குலுக்கிப் பார்த்து, உள்ளே தகடு உதிர்ந்து கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் வந்தாலும் அப்படியே.

நாங்கள் கொன்வேர்ட்டரை ரீகண்டிஷனிலும் மிச்சத்தை உள்ளூர் வேலையிலும் செய்தோம். கொன்வேர்ட்டரை மட்டும் உள்ளூரில் செய்ய வழியில்லை. மலிவான புதுக் கொன்வேர்ட்டர்கள் கிடைக்கின்றன, ஆனால் அவற்றில் விலையுயர்ந்த உலோகங்களின் அளவு குறைவு. ஒரிஜினலின் பழையது, நல்ல நிலையில் இருந்தால், நீண்ட நாள் உழைக்கும். டோர்ச் அடித்து மறுமுனையிலிருந்து பாருங்கள். தேன்கூட்டின் எல்லாக் கண்களிலும் வெளிச்சம் தெரியவேண்டும். ஒரு பக்கம் உருகி மூடியிருந்தாலோ, நடுவில் விரிசல் இருந்தாலோ வேண்டாம். கடைக்காரர் அம்மாவின் வயதுக்காரர். இப்போது இதை வாங்க வருபவர்களைவிட விற்க வருபவர்கள்தான் அதிகம் என்று சிரித்தார்.

கொன்வேர்ட்டர் போடுவதற்கு முன் எஞ்சின் சரியாக இருக்கவேண்டும். பிளக் சரியாக அடிக்காமல் எரியாத பெற்றோல் குழாய்க்குள் போனால், அது கொன்வேர்ட்டருக்குள் எரிந்து தேன்கூட்டையே உருக்கிவிடும். எஞ்சின் ஒயில் எரியும் காராக இருந்தால் சாம்பல் படிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டது என்று கழற்றி எறியப்பட்ட கொன்வேர்ட்டர்களில் பல இப்படிக் கெட்டவைதான். நோய் எஞ்சினில் இருந்தது. இன்னும் முந்திய காலத்தில் ஈயமும் இந்த வேலையைச் செய்தது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது 2002இல். அதுவரை இங்கே கொன்வேர்ட்டரோடு வந்திறங்கிய கார்களுக்கும் அது வெகுநாள் பயன்பட்டிருக்க வழியில்லை. ‘கொன்வேர்ட்டர் நம் நாட்டுக்குச் சரிவராது’ என்று பழைய பாஸ்மார் இன்னும் சொல்வதன் வேர் அங்கே இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

காந்தம் சொல்லாத உண்மை

உள்ளூர் வேலைக்கு எந்த உலோகம் என்பதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன்.

சாதாரண இரும்புக் குழாய் மலிவு. கடலோரத்தில் அது எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டதற்கு மூன்று கராஜ்களிலும் ஒரே பதில்தான்: தோள்குலுக்கல். அலுமினியம் பூசிய இரும்பு அதைவிட நல்லது. ஆனால் வெட்டி வெல்டிங் பண்ணிய இடத்தில் பூச்சு எரிந்துவிடும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். அந்த இடங்களுக்கு வெப்பம் தாங்கும் பெயின்ட் அடிக்கச் சொல்லவேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு வரும் ஜீஐ குழாயில் செய்து தரவா என்று ஓரிடத்தில் கேட்டார்கள். கட்டாயம் மறுத்துவிடுங்கள். நாகப் பூச்சை வெல்டிங் பண்ணும்போது எழும் வெள்ளைப் புகை, வேலை செய்பவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரவைக்கும். எஞ்சினுக்குக் கிட்டிய குழாயில் அந்தப் பூச்சு தாங்கவும் மாட்டாது.

பிறகு ஸ்டெயின்லெஸ். எல்லோரும் காந்தம் கொண்டு வருகிறார்கள். ஒட்டாவிட்டால் நல்லது, ஒட்டினால் போலி என்பது நம்பிக்கை. இது இரண்டு பக்கமும் பிழைக்கும். கார் நிறுவனங்கள் தாங்களே புகைக்குழாய்க்குப் பயன்படுத்தும் 409 வகையில் 11 சதவீதமளவு குரோமியம் உண்டு. அது ஸ்டெயின்லெஸ்தான், ஆனாலும் காந்தம் ஒட்டும். மறுபக்கம், 201 என்ற வகையில் விலையுயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். காந்தம் ஒட்டாது. பார்வைக்கு 304 போலவே பளபளக்கும். உப்புக்காற்றில் அதைவிட விரைவாகத் துருப்பிடிக்கும். 304இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316இல் அதோடு இரண்டு சதவீதமளவு மொலிப்டினமும் சேர்வதால் உப்பு குத்தும் சிறு குழிகளை அது இன்னும் நன்றாகத் தாங்கும். நம் ஊர் வீடுகளின் ஸ்டெயின்லெஸ் கேற்றுகளிலும் மாடிப்படிக் கைபிடிகளிலும் தேநீர் சிந்தியது போன்ற பழுப்புக் கறை படிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே வருடத்தில் அப்படியாகும் கைபிடிகளில் 201 இருக்கச் சந்தர்ப்பம் அதிகம்.

இதை எனக்குத் தெளிவாக விளக்கியவர் கார் வேலை செய்பவர் அல்ல. படகுகளுக்கு ஒட்டுவேலை செய்யும் ஒருவர். படகுக்காரர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம், பிழையானதைப் போட்டால் நடுக்கடலில் தெரியும். குழாயின் மேலேயே வகை எண் அச்சிடப்பட்டிருக்கும், வெட்டிய துண்டைப் பார்க்காமல் முழுக் குழாயில் அந்த அச்சைப் பார்த்து வாங்கு என்றார். 316 உங்கள் காருக்கு வேண்டாத செலவு, 304 போதும் என்றதும் அவர்தான். விற்கிறவரிடமிருந்து அப்படி ஒரு பேச்சைக் கேட்பது அரிது. எனக்குச் சொல்லப்பட்ட கூலியும் பொருளும் சேர்ந்த விலைகளில், சாதாரண இரும்பை ஒன்று என்று வைத்தால் 304 ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 304 இரும்பைவிட வெப்பத்தில் அதிகம் விரியும் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். அதனால் எஞ்சினுக்குப் பின்னால் வளைந்து கொடுக்கும் மூட்டு ஒன்று இல்லாமல் நேராகப் பூட்டினால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும்.

பூட்டிய நாள்

முதல் நாள் இரவே எல்லா போல்ட்களுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து விட்டோம். அப்படியிருந்தும் முன் மூட்டில் ஸ்பிரிங் போட்ட போல்ட் இரண்டில் ஒன்று முறிந்தது. முறியும் என்று எதிர்பார்த்துப் புதியதை வாங்கி வைத்திருப்பது நல்லது. மூட்டுக்கு நடுவில் வரும் வளையக் கஸ்கட்டையும், தொங்கவைக்கும் இறப்பர்களையும் பழையது போதும் என்று விடக்கூடாது. சைலன்சர் கழன்று வீதியில் இழுபடுவது பெரும்பாலும் இந்த இறப்பர் அறுவதால்தான். பாகங்களின் விலையில் இவை ஒன்றுமேயில்லை.

வெல்டிங் தொடங்குமுன் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொன்னேன். பாஸ் ஏற்கெனவே கழற்றியிருந்தார். அதைச் செய்யாத இடத்தில் காரின் கம்பியூட்டர் பெட்டி எரிந்துபோக வாய்ப்புண்டு. பெற்றோல் தாங்கிக்கும் எரிபொருள் குழாய்க்கும் கிட்டிய இடத்தில் காரின் அடியில் வைத்து வெல்டிங் பண்ணவிடக்கூடாது. அளவுக்குப் புள்ளி வைத்து, கழற்றிக் கீழே இறக்கி, மேசையில் வைத்து முழுதாக ஒட்டவேண்டும். 304ஐ 304ஓடு ஒட்ட 308எல் கம்பி. கொன்வேர்ட்டரின் பக்கம் வேறு இரும்பு வருவதால் அங்கே 309எல். சாதாரண இரும்புக் கம்பியால் ஸ்டெயின்லெஸ்ஸை ஒட்டினால் அந்தத் தையல் மட்டும் துருப்பிடித்து, நல்ல குழாய் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். குழாய்களை நிரந்தரமாக ஒட்டாமல், இரண்டு இடத்தில் போல்ட் போடும் ஃபிளான்ஜ் வைத்தோம். அடுத்த முறை ஒரு துண்டை மட்டும் மாற்றலாம்.

எல்லாவற்றையும் தளர்வாகத் தொங்கவிட்டு, முன்னிருந்து பின்னாக நேராக்கி, கடைசியில்தான் இறுக்கினார். தரைத்தகடு, பிரேக் குழாய், உதிரி ரயர் வைக்கும் கிண்ணம் எதிலிருந்தும் குறைந்தது ஒரு விரல் இடைவெளி. கொன்வேர்ட்டருக்கு மேலும் கீழும் வரும் வெப்பத் தகடு ‘கிணுகிணு’ என்று சத்தம் போடுகிறது என்பதற்காகக் கராஜ்களில் அதைக் கழற்றி எறிவார்கள். நாங்கள் கிளிப் போட்டு இறுக்கினோம். ஓடி வந்து நிற்கும் காரின் கொன்வேர்ட்டர் உறையே சில நூறு பாகை சூட்டில் இருக்கும், தென்னந்தோட்டத்தில் காய்ந்த ஓலைக்கு மேல் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தரைத்தகட்டில் காணாமல்போன இறப்பர் மூடியையும் அன்றே போட்டோம். இருபது நிமிட வேலை.

கசிவு பார்ப்பதற்கு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது திறந்த வெளியில் ஸ்டார்ட் பண்ணி, ஈரத்துணியால் குழாய் வாயை ஒருசில விநாடிகள் மூடி, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவினோம். முன் மூட்டில் குமிழி வந்தது. மறுபடி கழற்றி, கஸ்கட்டைத் திருப்பி வைத்து இறுக்கியதும் நின்றது. இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். காது கண்டுபிடிக்காத கசிவைத் தண்ணீர் காட்டும்.

பொலிஸும் புகைச் சான்றிதழும்

இலங்கையில் வாகனப் புகைப் பரிசோதனை 2008இல் தொடங்கியது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. பெற்றோல் காரின் குழாய்க்குள் கருவியைச் செருகி, காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் அளப்பார்கள். கொன்வேர்ட்டர் இல்லாத எங்கள் கார் வருடாவருடம் அதில் சித்தியடைந்திருக்கிறது. பெற்றோலை அளந்து தெளிக்கும் எஞ்சின் ஆரோக்கியமாக இருந்தால், கொன்வேர்ட்டர் இல்லாமலே மொனொக்சைட் ஒரு சதவீதத்துக்குக் கீழே நின்றுவிடலாம். பழைய கார்களுக்கான எல்லை அதைவிடத் தாராளம். அந்தச் சான்றிதழ் குழாயின் வாயில் வருவதைச் சொல்கிறது. வழியில் காருக்குள் என்ன ஒழுகுகிறது என்பதை அது சொல்லாது. நடுவழியில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவு இன்னும் குறைவாகக்கூடக் காட்டும். சித்தியடைந்த தாளை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் உடப்பிலிருந்து திரும்பினோம்.

சத்தத்தைப் பொறுத்தவரை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் பொலிஸார் நடவடிக்கை எடுக்கலாம். நீண்டகாலம் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தோடு பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த அனுமதியற்ற பாகங்களைக் கழற்றவைக்கும் நடவடிக்கை தொடங்கியபோது, சத்தம் கூட்டிய சைலன்சர்களும் அதில் அகப்பட்டன. உரிமையாளர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அலங்கார விளக்கையும் சத்தமிடும் சைலன்சரையும் ஒரே குற்றமாகப் பார்க்கவேண்டுமா என்ற கேள்வியில் அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டென்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்குக் கடற்கரை வீதியில் சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிள்கள் ஓடும்போது எனக்கு அந்த நியாயம் மறந்துபோகிறது. நீங்கள் வாங்குவது எந்தச் சைலன்சராக இருந்தாலும், பழைய ஒரிஜினலை எறியாமல் வைத்திருங்கள்.

இனிப் பராமரிப்பு. மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவவேண்டும், குழாய் ஆறிய பிறகு. களப்போரத்தில் இருப்பவர்கள் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கழுவுங்கள். உவராக இருந்தால் கழுவாமல் விடுவதே மேல். நாங்கள் பைப் தண்ணீருக்கு மாறிவிட்டோம். ஊருக்குள் மட்டும் ஓடும் கார் என்றால் வாரம் ஒருமுறையாவது மாதம்பை வரை போய்த் திரும்புங்கள், சைலன்சருக்குள் தேங்கியது காயட்டும். பெற்றோல் விலையில் இது ஆடம்பரமாகத் தெரியும். நாங்கள் வாராந்தச் சாமான் வாங்குவதை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டோம்.

அம்மா இப்போதும் பின்சீட்டில் ஏறியதும் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டுத்தான் உட்காருகிறார். ஏசி வீண் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் போல்ட்களை மறுபடி இறுக்க வரச்சொல்லியிருக்கிறார் பாஸ். மீற்றரில் இன்னும் முந்நூறு இருக்கிறது.